உங்களுடைய பல் தடம் எங்களிடம் உள்ளது

பேருந்துக் கழகத் தலைமை அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே, கூரை சரிந்து இறங்கும் நீள அறை ஒன்று இருந்தது. ஊர் ஜனங்கள் பேருந்தில் மறந்துவிட்டு இறங்கிய இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு பொருள்கள் அதில் இருந்தன. அவை போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு நாற்காலியும் அந்த நாற்காலியில் குடையக்காவும். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். முந்நூற்றுப் பதினோரு கறுப்புக் குடைகளைக் கட்டி மேய்ப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஆறு வருடமாக ஒரு பொருள் விடாமல் அவள் கம்ப்யூட்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தட்டி வைத்திருந்தாள். தேதி, பொருள், அதன் அங்க அடையாளம், கடைசியில், முன்பதிவுப் பட்டியலைப் பார்த்து, தொலைத்தவராக இருக்கலாம் என்று தோன்றியவரின் போன் நம்பர். அங்க அடையாளம் எழுதுவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பேருந்து ஓட்டும் அவள் கணவர் வீட்டில் அடிக்கடி சலித்துக்கொள்வார். "என் சட்டை எங்கேன்னு கேட்டா தெரியாது. எவனோ விட்டுட்டுப் போன குடையில எத்தனாவது கம்பி வளைஞ்சிருக்குன்னு கேளு, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவா."

நம்பர் இருந்து என்ன பயன்? வெளி அழைப்பு நாளைக்கு ஐந்துதான் என்று மேலாளர் கணக்குப் போட்டிருந்தார். அந்த ஐந்தில் மூன்று பேர் எடுக்க மாட்டார்கள். ஒருவர் எடுத்துவிட்டு, "கடன் எதுவும் வேண்டாம்" என்று வைத்துவிடுவார். மாதத்துக்கு ஒன்பது பொருள் வீடு போய்ச் சேர்ந்தால் அது நல்ல மாதம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மேலாளர் படிக்கட்டுக்கடியில் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். குனிய மறந்து இரண்டு முறை இடித்துக்கொண்டவர்.

"ஏம்மா, இன்னியோட முடிவு. சாயங்காலம் நாலு மணிக்குள்ள பெரிய பெட்டியில ஏறி நம்பர் வாங்காத பொருள், நம்மகிட்ட இல்லாத பொருள். நாலு மணிக்கு நான் பழைய சாமான் லாரிக்காரனுக்கு போன் பண்ணணும். வரச் சொல்லணுமா, வேண்டாம்னு சொல்லணுமான்னு அப்ப சொல்லு."

"சார், பெரிய பெட்டியில ஏத்தணும்னு ஆறு வருஷமா நான்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்!"

"அதான் குடுத்துட்டேனே. ஆறு மணி நேரம்."

அவர் மறுபடியும் குனிந்து வெளியே போனார். குடையக்கா தன் அலமாரிகளை ஒரு பார்வை பார்த்தாள். ஆறு மணி நேரத்துக்குள் இத்தனையுமா என்று மலைத்தாள். அதே சமயம் அவளுக்குச் சிரிப்பும் வந்தது. ஆறு வருடம் கதவைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று திறந்ததும் உள்ளே தலைகுப்புற விழுந்தவள் மாதிரி இருந்தது.

பெரிய பெட்டி என்பது கழகத்தின் தலைமைக் கம்ப்யூட்டர். மூன்றாம் மாடியில், கண்ணாடிச் சுவருக்குள், குளிரில் நின்றது. துணி பீரோ உயரம், கறுப்பு நிறம். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு எங்கே திரும்பும், எந்த ஓட்டுநருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில்தான் பேசும். தனக்குள் ஒரு போன் நம்பர் நுழைந்தால், அந்த நம்பருக்கு உடனே ஒரு குறுஞ்செய்தி அனுப்பவும் தெரியும். யாரிடமும் அனுமதி கேட்காது. குடையக்கா அதற்கு ஆசைப்பட்டதே இந்த ஒரு குணத்துக்காகத்தான்.

அதைப் பார்த்துக்கொள்கிறவன், கொளுத்தும் வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டையோடு திரியும் ஒல்லி இளைஞன். ஸ்வெட்டர் என்று பெயர். குளிர் அறையை விட்டு வெளியே வந்தாலும் கழற்ற மறந்துவிடுவான்.

"அக்கா, கவலையே படாதீங்க," என்றான் அவன், அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து. "இங்கேருந்து அங்கே ஒயர் போகுது. உங்க ஃபைல் எங்கே இருக்குன்னு கேக்கும், சொல்லணும். பெட்டியில எந்த இடத்துல கொட்டணும்னு கேக்கும், சொல்லணும். முதல் எட்டு எழுத்து தேதி, அடுத்த நாப்பது எழுத்து பொருள், கடைசி பத்து போன் நம்பர். அவ்வளவுதான். சோத்தை ஒரு பாத்திரத்துலேருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாத்துற மாதிரி."

"நாப்பது எழுத்து போதுமா தம்பி?"

"மேலாளர் போட்ட அளவு. 'குடை கறுப்பு'ன்னா எட்டு எழுத்துகூட வராது, நாப்பதே தாராளம்னு சொன்னாரு."

குடையக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து அவன் அவசரமாக ஃபைலைத் திறந்தான். திறந்ததும் வாயைப் பிளந்தான். வரிகள் எல்லாம் நாற்பது எழுத்துக்குள் கச்சிதமாக அடங்கியிருந்தன. போன் நம்பர்கள் வலது ஓரத்தில் வரிசையாக, ஒன்றின் தலைமேல் ஒன்றாக நின்றன.

"அக்கா, இதுக்குக் கோயில் கட்டலாம்."

"ஒவ்வொண்ணும் ஸ்பேஸ் பாரை எண்ணி எண்ணித் தட்டினது," என்றாள் அவள், பெருமையை மறைக்க முடியாமல்.

ஒத்திகைக்கு முதல் இருநூறு வரியை மட்டும் அனுப்புவது என்று முடிவாயிற்று. அவன் மூன்று கேள்விக்குப் பதில் தட்டி, ஒரு பொத்தானை அமுக்கினான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பச்சை எழுத்தில் பதில் வந்தது. அனுப்பியது இருநூறு. ஏற்றது இருநூறு. தள்ளியது பூஜ்யம்.

குடையக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். அறை குறுகல் என்பதால் முழங்கால் யாருடைய கிதாரிலோ பட்டு டொய்ங் என்றது.

மணி பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தது. எடுத்தால், கீழ்த்தளத்தில் விசாரணைப் போனுக்கு உட்காரும் அவளுடைய சொந்தத் தங்கை.

"அக்கா, நீ யாருக்காவது மெசேஜ் அனுப்பினியா?"

"பெரிய பெட்டி அனுப்பியிருக்கும். ஏன்டி?"

"ஒரு ஆள் பேசுறாரு. 'உங்களுடைய பல் தடம், யாரோ கோபத்தில் கடித்தது போல எங்களிடம் உள்ளது. வந்து பெற்றுக்கொள்ளவும்'னு வந்திருக்காம். போலீஸா நீங்கன்னு கேக்குறாரு."

குடையக்கா திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இரு, இன்னொரு லைன்," என்ற தங்கை திரும்பி வந்தபோது குரல் நடுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிப்பை அடக்குகிறாள். "இது ஒரு பெரியவர். 'உங்களுடைய சிரித்துக்கொண்டே இருக்கிறது எங்களிடம் உள்ளது.' அக்கா, எது சிரிச்சுக்கிட்டே இருக்கு?"

"பல் செட்டுடி! மேல் வரிசை!"

"அடுத்தது ஒருத்தர். 'உங்களுடைய மாடு கத்துவது போல் சத்தம், மன்னிக்கவும் எங்களிடம் உள்ளது.' அவரு அதை ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினாரு, அக்கா. அப்புறம் 'இதோ வரேன்'னு வெச்சுட்டாரு."

ஸ்வெட்டர் ஏற்கெனவே திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தான். "அக்கா, வரி முடியற இடத்துல நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எண்டர் தட்டுவேன். எழுதினது திரைக்கு வெளியே ஓடிப்போனா பார்க்கச் சகிக்காது. அதனால மடக்கி, அடுத்த வரியில ஸ்பேஸ் தட்டி, நேர் கீழே உட்கார வெப்பேன். நம்பரை எப்பவும் கடைசி வரியோட ஓரத்துல."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "பெட்டிக்கு ஒரு வரின்னா ஒரு பொருள் அக்கா. நீங்க எண்டர் தட்டினா, அது அடுத்த பொருள்னு நினைச்சுக்கும். 'கறுப்புக் குடை, பெரியது, கைப்பிடியில்'னு ஒரு பொருள். அதுக்கு நம்பர் இல்லை. 'பல் தடம், யாரோ கோபத்தில் கடித்தது போல'ன்னு இன்னொரு பொருள். அதுக்கு நம்பர் இருக்கு. மெசேஜை நிறுத்தி வெச்சுட்டு ஒத்திகை பார்த்திருக்கணும். மறந்துட்டேன். என் தப்புதான்."

"எத்தனை பேருக்குப் போயிருக்கு?"

"தொண்ணூத்தி நாலு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யாரென்று சொல்ல முடியாது. நின்றபாடில்லை. அடக்கிவிட்டோம் என்று நினைக்கும்போதெல்லாம் ஒருவர் திரையிலிருந்து இன்னொன்றை வாசித்தார். 'உங்களுடைய பாதி கடித்த பிஸ்கட், எறும்பு இல்லை எங்களிடம் உள்ளது.' 'உங்களுடைய உலகமே மீன் தொட்டி மாதிரி தெரிகிறது எங்களிடம் உள்ளது.' ஸ்வெட்டர் கண்ணைத் துடைக்கக் கம்பளிக் கையை இழுத்து இழுத்து, அது முழங்கால் வரை நீண்டுவிட்டது.

பிறகு அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் அடங்கினார்கள்.

"ரெண்டு வழி இருக்கு அக்கா. ஒண்ணு, தேதி இல்லாத வரியை எல்லாம் தூக்கிப் போட்டு, நம்பரை மட்டும் மேல் வரியில ஒட்டுறது. பத்து நிமிஷ வேலை. பொருள் அத்தனையும் உள்ளே போயிடும், லாரி வராது."

"அப்ப முந்நூத்திப் பதினோரு குடையும் 'கறுப்புக் குடை, பெரியது'ன்னுதானே இருக்கும்? யாருக்கு எதைக் குடுப்பேன்?"

"இன்னொண்ணு, மடக்கின வரியை எல்லாம் மேல் வரியோட சேர்த்துத் தைக்கிறது. அதுக்கு நான் புரோகிராம் எழுதணும். நாப்பது எழுத்து பத்தாது. இருநூறு வேணும். பெட்டியில இடத்தை உடைச்சுப் புதுசா கட்டணும், அதுக்கு மேலாளர் கையெழுத்து வேணும். நாலு மணிக்குள்ள முடியுமான்னு என்னைக் கேக்காதீங்க."

குடையக்கா யோசிக்கவே இல்லை. "நீ எழுத ஆரம்பி. கையெழுத்து என் பொறுப்பு."

ஆனால் அவள் படியேற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குள் மேலாளரே இறங்கி வந்துகொண்டிருந்தார். வாசலிலிருந்து படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் போன், எல்லாரும் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"மீன் தொட்டி. என் மூக்குக் கண்ணாடியாம். உங்களுக்கு?"

"'நொண்டிக்கொண்டே போயிருப்பார்.' உண்மைதாங்க. ஒரு செருப்போட ரெண்டு தெரு நடந்தேன்."

பல் செட்டின் சொந்தக்காரர் அதை வாங்கி, திரும்பி நின்று மாட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரு முறை சிரித்தார். கைத்தட்டல் எழுந்தது. பெரிய ஊதுகுழலுக்குச் சொந்தக்காரர் அதன் உறையைத் திறந்து, குடையக்காவை முறைத்து, "மாடா?" என்று கேட்டார்.

"எனக்கு ஊதத் தெரியாதுங்க. அதான் மன்னிக்கவும்னு போட்டேன்."

அவர் அங்கேயே நின்று ஊதினார். மாடிப்படியின் இரும்புக் கம்பிகள் எல்லாம் கூடச் சேர்ந்து அதிர்ந்தன. மாடு இல்லை, கப்பல் கிளம்புவது போல இருந்தது. ஒரு கணம் எல்லாரும் எங்கேயோ கிளம்பிவிட்ட மாதிரி நின்றார்கள்.

"என்னம்மா இது சந்தைக்கடை!" மேலாளர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் குடையக்கா. முன்னால் நின்ற கட்டம் போட்ட சட்டைக்காரரைக் காட்டினாள். "இவரோட கறுப்புக் குடையை எடுத்துக் குடுங்க."

மேலாளர் உள்ளே பார்த்தார். மிச்சமிருந்த கறுப்புக் குடைகள் எல்லாம் கைப்பிடியால் தொங்கிக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தன.

"எது?"

"'குடை கறுப்பு', சார்."

அவர் ஒன்றை எடுத்தார். சட்டைக்காரர் இல்லை என்று தலையாட்டினார். இன்னொன்று. அதுவும் இல்லை. நான்காவதில் மேலாளரின் மூக்கு நுனி சிவந்தது. குடையக்கா கையை நீட்டி, மூன்றாம் வரிசையில் கடைசிக்கு முந்தியதை உருவினாள். கைப்பிடியில் வரிசையாக ஐந்து பல் தடம்.

"இதான்!" சட்டைக்காரர் குடையைக் கட்டிக்கொள்ளாத குறை. "கடிச்சது நான் இல்லீங்க, எங்க வீட்டு நாய். ஆனா கோபத்துலதான் கடிச்சுது, அதை எப்படி இவங்க கண்டுபிடிச்சாங்க?"

"இருநூறு எழுத்து வேணும் சார்," என்றாள் குடையக்கா. "கையெழுத்துப் போட்டா போதும். இல்லேன்னா திங்கட்கிழமையிலேருந்து வர்றவங்களுக்கு நீங்கதான் இப்படி எடுத்துக் குடுக்கணும்."

மேலாளர் வரிசையின் நீளத்தைப் பார்த்தார். சுவரில் குடையக்கா ஒட்டியிருந்த மாதக் கணக்கைப் பார்த்தார். போன மாதத்துக்கு நேரே ஒன்பது என்று இருந்தது. "இன்னிக்கு எத்தனை பேர் வாங்கிட்டுப் போனாங்க?"

"இதோட நாப்பத்தி ஒண்ணு."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "நாலு மணி நாலு மணிதான்," என்று உறுமிவிட்டுத் திரும்பியவர், குனிய மறந்து மூன்றாவது முறையாக இடித்துக்கொண்டார். கூட்டம் முழுக்க ஒரே குரலில் "ஐயோ!" என்றது.

அதற்குப் பிறகு குளிர் அறையில் நேரம் ஓடியது குடையக்காவுக்குத் தெரியவில்லை. தங்கை கீழே கூட்டத்தைச் சமாளித்தாள். விசாரணைப் போனை ஒரு காதிலும், "அடுத்தவங்க வாங்க, மீன் தொட்டி யாரு?" என்ற கூவலை வாயிலும் வைத்துக்கொண்டு. மேலே ஸ்வெட்டர் தட்டினான். பழைய இடத்தை உடைத்துப் புது இடத்தைக் கட்டினான். கட்டி முடித்ததும் முதல் வேலையாகக் குறுஞ்செய்தியை நிறுத்தி வைத்தான். வரியின் தொடக்கத்தில் தேதி இருந்தால் புதுப் பொருள், இல்லாவிட்டால் மேலே இருப்பதோடு தைத்துவிடு என்று புரோகிராம் எழுதினான். குடையக்கா அவனுடைய இன்னொரு கம்பளிச் சட்டையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்று, தைத்து வந்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தாள்.

"'கைக்கடிகாரம், பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது, நம்பி வாழ்ந்தவர் எல்லா இடத்துக்கும் சீக்கிரம் போயிருப்பார்.' சரியா தைச்சிருக்கு."

"அக்கா, வாசிச்சு ரசிக்காதீங்க. பார்த்துட்டுத் தள்ளுங்க."

"ரசிக்கல தம்பி, சரிபார்க்கிறேன்."

வந்து வாங்கிப் போனவை அறுபத்தொன்று. அவற்றைக் கழித்து மிச்சம் இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பத்து மூன்று. மூன்றே முக்கால் மணிக்கு ஸ்வெட்டர் பொத்தானை அமுக்கினான். எண்கள் பச்சையாக ஓடின. ஐநூறு. ஆயிரத்து நூறு. ஆயிரத்து எண்ணூறில் சற்று நின்று, பெருமூச்சு விட்டது போல மறுபடி ஓடியது. மேலாளர் கையில் போனோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். அவருக்குக் குளிர் ஆகாது.

அனுப்பியது 2253. ஏற்றது 2252. தள்ளியது 1.

மணி மூன்று ஐம்பத்து நான்கு.

"ஒண்ணுதானே!" மேலாளர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "அது போகட்டும்மா. ஒரு பொருளை நானே தூக்கி வெளியே வெச்சுடறேன்."

"எது, தம்பி?" என்றாள் குடையக்கா, அவர் சொன்னதே காதில் விழாதது போல.

ஸ்வெட்டர் அதைத் திரையில் கொண்டுவந்தான். பழைய உலக உருண்டை. ஐந்து வரிக்கு மடக்கி எழுதியிருந்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருப்பதையும், கடல்கள் வெளிறிப்போனதையும், அச்சில் சுற்றினால் கிறீச்சிடுவதையும் எழுதிவிட்டு, கடைசியில், 'தென்துருவத்தில் யாரோ பேனாவால் சின்ன வீடு வரைந்து கூரையில் புகை விட்டிருக்கிறார், உள்ளே இருப்பவருக்குக் குளிருமே, பாவம்' என்று முடித்திருந்தாள்.

"இருநூத்தி நாலு எழுத்து," என்றான் ஸ்வெட்டர். "நாலு எழுத்து வெட்டணும். 'பாவம்' எடுத்துடலாமா?"

"ஐயோ, அதை எடுக்காதே."

"அக்கா, மூணு ஐம்பத்தி ஆறு."

காலையிலிருந்து ஒரு எழுத்தையும் விட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள். இப்போது கண்ணைத் திரையில் மேலும் கீழுமாக ஓட்டினாள். நசுங்கல் வேண்டும். கிறீச்சும் வேண்டும், அது இல்லாமல் எப்படி? வெளிறிய கடலை விடவே முடியாது. புகை, வீடு, குளிர்.

"'பழைய'வை எடு," என்றாள் சட்டென்று. "மூணு எழுத்து, ஒரு ஸ்பேஸ். கடல் வெளிறியிருக்குன்னாலே பழசுன்னு தெரியாதா?"

அவன் எடுத்தான். அனுப்பினான்.

ஏற்றது 1. தள்ளியது 0.

குடையக்கா ஸ்வெட்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குளிர் அறையைச் சுற்றினாள். நீண்டுபோன கம்பளிக் கைகள் இருவருக்கும் நடுவில் தொட்டில் கயிறு போல ஆடின. கண்ணாடிக்கு வெளியே மேலாளர் போனைக் காதில் வைத்து, "வர வேண்டாம்ப்பா," என்று சொல்வது வாய் அசைவில் தெரிந்தது. அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "இங்கே எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு," என்றார், கொஞ்சம் உரக்கவே.

"இப்ப மெசேஜைத் திறந்து விடவா?" என்று கேட்டான் ஸ்வெட்டர்.

"திற."

செய்திகள் கிளம்பின. சத்தமில்லை, பச்சையாக ஒரு எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஊரில் எத்தனை மேஜைகளில், எத்தனை கைப்பைகளில், எத்தனை பேருந்துகளின் ஜன்னலோர இருக்கைகளில் இப்போது போன்கள் அதிர்கின்றன என்று நினைத்துப் பார்த்தாள்.

குளிர் அறைப் போன் அடித்தது. தங்கை. இந்த முறை அவள் குரலில் சிரிப்பு இல்லை. ஏதோ ரகசியம் சொல்வது போலப் பேசினாள்.

"அக்கா, ஒரு அம்மா லைன்ல இருக்காங்க. உலக உருண்டையாம். எப்ப வரணும், எங்கே வரணும்னு ஒண்ணும் கேக்கல. அந்த வீடு அழியாம இருக்கான்னு மட்டும் கேக்குறாங்க."

குடையக்கா போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"புகைகூட அப்படியே இருக்குன்னு சொல்லுடி."